377-ன் பங்காளிகள்

புதுச்சேரியிலிருந்து கடற்கரையை ஒட்டி வடக்கே போனால், ஊர் எங்கே முடிந்தது என்று தெரியாமலேயே கோட்டக்குப்பம் வந்துவிடும். இன்றைக்கு அந்த எல்லையை நினைவில் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் மதுக்கடையின் விலைப்பட்டியல் தெரிந்தவர்கள்தான். 1950-ல் நிலைமை வேறு. இந்தப் பக்கம் இந்தியக் குடியரசு, அந்தப் பக்கம் பிரெஞ்சு அரசு. என்னென்ன சரக்கு எல்லை தாண்டுகிறது என்று சுங்கக்காரர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்த காலம். அவர்கள் கண்ணில் படாத ஒரு வேறுபாடும் அங்கே இருந்தது. வயதுவந்த இரண்டு ஆண்கள் மனமொத்துக் கூடுவது கோட்டக்குப்பத்தில் ஆயுள் தண்டனை வரை கொடுக்கக்கூடிய குற்றம். புதுச்சேரியில் அது குற்றமே இல்லை.

பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 1791-ல் தண்டனைச் சட்டத்தைப் புதிதாக எழுதியபோது அந்தக் குற்றத்தைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். நெப்போலியன் காலத்துச் சட்டமும் அதைத் திரும்பக் கொண்டுவரவில்லை. 1954-ல் புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1963 அக்டோபர் 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் அங்கே நடைமுறைக்கு வந்தது, கூடவே அதன் 377-வது பிரிவும். பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு, ஆங்கிலேயர் எழுதிய குற்றத்தைச் சுதந்திர இந்தியா கொண்டுபோய்ச் சேர்த்தது.

அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் தன்பால் உறவு இன்றும் குற்றம். மறுபுறம், 35-க்கும் மேற்பட்ட நாடுகளில் தன்பால் இணையர் சட்டப்படி திருமணம் செய்துகொள்ளலாம். இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பண்பாடு, மதம், முன்னேற்றம் என்று வழக்கமான காரணங்களைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஒரே வரைவிலிருந்து கிளைத்த ஒரே சட்டப்பிரிவு, சென்னையிலும் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் நைரோபியிலும் ஏன் வேறு வேறு கதியை அடைந்தது என்று பார்த்தால், அந்தக் காரணங்கள் பாதிக் கதைதான் என்பது புரியும். மீதிக் கதை, ஒரு பழைய சட்டத்தைத் தொட்டு எடுக்கும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது என்பதில் கிடக்கிறது.

தாய்வீடு

இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி 1533-ல் கொண்டுவந்த சட்டம், அதுவரை திருச்சபை விசாரித்துவந்த ஒரு பாவத்தை அரசாங்கம் தூக்கிலிடும் குற்றமாக்கியது. அந்தக் குற்றத்துக்காகக் கடைசியாகத் தூக்கு மேடை ஏறியவர்கள் இரண்டு பேர், ஆண்டு 1835. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து மெக்காலே இந்தியாவுக்கான தண்டனைச் சட்ட வரைவை முடித்தார். மற்றக் குற்றங்களுக்கெல்லாம் பக்கம் பக்கமாக உதாரணமும் விளக்கமும் எழுதிய மனிதர், இந்த இடம் வந்ததும் சுருக்கென்று நிறுத்திக்கொண்டார். இதைப் பற்றிப் பொதுவில் பேசுவதே ஒழுக்கத்துக்குக் கேடு, முடிந்தவரை குறைவாகச் சொல்வதே மேல் என்பது அவருடைய குறிப்பின் சாரம். வெட்கப்பட்டு விளக்காமல் விட்டதன் விளைவை அடுத்த ஒன்றரை நூற்றாண்டு அனுபவிக்க வேண்டியிருந்தது.

வரைவு 1860-ல் சட்டமானபோது மெக்காலே உயிரோடு இல்லை. பிரிவின் வாசகமும் மாறியிருந்தது: இயற்கையின் ஒழுங்குக்கு மாறான உடலுறவு. இயற்கை என்றால் எது, ஒழுங்கு என்றால் யார் வகுத்தது என்று சட்டம் சொல்லவில்லை. 1884-ல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், பெண்ணுடை அணிந்து பாடியதற்காகப் பிடிக்கப்பட்ட ஒருவரைக் கீழ் நீதிமன்றம் 377-ன் கீழ் தண்டித்திருந்தது. எப்போது, எங்கே, யாரோடு குற்றம் நடந்தது என்று ஒரு விவரமும் வழக்கில் இல்லை. உயர் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. ஆனால் அந்தப் பிரிவு என்றைக்கும் எப்படிப் பயன்படப்போகிறது என்பதற்கு அந்த வழக்கே முன்னோட்டம். ஒரு செயலைத் தண்டிக்க எழுதியது, நடையும் உடையும் வேறாக இருந்த ஆளைப் பிடித்துப்போடப் பயன்பட்டது. காவலர் மிரட்டலுக்கும் பணம் பறிப்புக்கும் தீர்ப்பு தேவையில்லை. சட்டப் புத்தகத்தில் பிரிவு இருந்தாலே போதும்.

லண்டனில் 1885-ல் இன்னொரு விதை விழுந்தது. சிறுமிகளைப் பாதுகாக்க வந்த ஒரு மசோதாவில், நள்ளிரவு நேரச் சிறு விவாதத்துக்குப் பிறகு, ஹென்றி லாபுஷேர் என்ற உறுப்பினர் ஒரு திருத்தத்தைச் செருகினார். ஆண்களுக்கு இடையிலான ‘ஆபாச நடத்தை’ எதுவானாலும் இரண்டு ஆண்டு வரை சிறை. பத்தாண்டு கழித்து எழுத்தாளர் ஆஸ்கர் வைல்ட் உள்ளே போனது அதில்தான். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் சங்கேதங்களை உடைக்க உதவிய கணிதமேதை ஆலன் டூரிங் 1952-ல் தண்டிக்கப்பட்டதும் அதில்தான். இங்கிலாந்தும் வேல்ஸும் 1967-ல் திருந்தின. ஸ்காட்லாந்துக்கு 1980 வரையும் வட அயர்லாந்துக்கு 1982 வரையும் ஆனது.

அதற்குள் சரக்கு கப்பலேறிப் போய்ப் பல காலமாகியிருந்தது. மலாக்கா நீரிணைப் பகுதிக்கு 1871-ல் ஒரு நகல், இலங்கைக்கு 1883-ல் ஒரு நகல், பிறகு கிழக்கு ஆப்பிரிக்கா. பிரிவு எண் மட்டும் ஊருக்கு ஊர் மாறியது. சிங்கப்பூரில் எண்கூட மாறவில்லை. 1938-ல் லாபுஷேரின் திருத்தத்தையும் 377-ஏ என்று சேர்த்துக்கொண்டார்கள்.

டெல்லியில் எட்டு ஆண்டு, ஒன்பது ஆண்டு

இந்திய அரசமைப்பின் 13-வது கூறு ஒரு காரியம் செய்து வைத்திருக்கிறது. அரசமைப்புக்கு முந்தைய சட்டம் ஏதாவது அடிப்படை உரிமைகளோடு மோதினால், மோதுகிற அளவுக்கு அது செல்லாது. எனவே வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்தை உடைக்க நாடாளுமன்றத்தின் வாசலில் நிற்க வேண்டியதில்லை, நீதிமன்றம் போதும். அந்தக் கதவு திறந்தே இருந்தது. ஆனால் உள்ளே போய் வெளியே வருவதற்குக் கால் நூற்றாண்டு ஆகிவிட்டது.

முதல் மனு 1994-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் விழுந்தது. திகார் சிறையில் ஆணுறை வழங்க நிர்வாகம் மறுத்ததை ஒட்டி, எய்ட்ஸ் பாகுபாட்டு எதிர்ப்புக் குழு ஒன்று 377-ஐ எதிர்த்தது. அது கவனிப்பாரில்லாமல் போனது. 2001-ல் நாஸ் அறக்கட்டளை வந்தது. எட்டு ஆண்டு அலைச்சலுக்குப் பிறகு 2009 ஜூலை 2 அன்று தலைமை நீதிபதி ஏ.பி.ஷாவும் நீதிபதி எஸ்.முரளிதரும், வயதுவந்தோர் தனிமையில் மனமொத்துச் செய்வது குற்றமாகாது என்று தீர்ப்பளித்தார்கள். நம்மவர்கள் ஒரு பெருமை பட்டுக்கொள்ளலாம்: முரளிதர் சென்னையில் வழக்கறிஞராகத் தொடங்கியவர், ஷா டெல்லிக்குப் போகும் முன் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி.

பெருமை நாலரை ஆண்டுகூட நீடிக்கவில்லை. 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அந்தத் தீர்ப்பைத் தூக்கியெறிந்தார்கள். தன்பால் ஈர்ப்பு உள்ளவர்கள் மக்கள்தொகையில் மிகச் சிறு பகுதி என்பது சொன்ன காரணங்களில் ஒன்று. அடிப்படை உரிமையைத் தலை எண்ணிக் கொடுப்பதாக இருந்தால் அதற்கு அரசமைப்பு எதற்கு, ரேஷன் கடை போதுமே! நாலு மாதம் கழித்து, 2014 ஏப்ரலில், அதே உச்ச நீதிமன்றத்தின் வேறு இரண்டு நீதிபதிகள் திருநர்களுக்குத் தங்கள் பாலினத்தைத் தாங்களே அறிவிக்கும் உரிமை உண்டு என்றார்கள். ஆக, ஒரு திருநங்கை தன்னைத் திருநங்கை என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் காதலிக்கக் கூடாது என்ற விசித்திர நிலையில் நாடு நாலு ஆண்டு இருந்தது.

தமிழ்நாட்டுக்கு இந்த விசித்திரம் புதிதல்ல. 2008-லேயே இங்கே திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தாயிற்று. ஒரு துறை அடையாள அட்டை கொடுத்தது. இன்னொரு துறையின் கையில் 377 இருந்தது.

2017-ல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னபோதே 2013 தீர்ப்பின் காலடி மண் சரிந்துவிட்டது. 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக அதை முடித்துவைத்தார்கள். வழக்கின் பெயரில் முன்னால் நிற்கும் நவ்தேஜ் சிங் ஜோஹர் ஒரு பரதநாட்டியக் கலைஞர். வரலாறு இவர்களிடம் மன்னிப்புக் கேட்கக் கடன்பட்டிருக்கிறது என்று நீதிபதி இந்து மல்ஹோத்ரா எழுதினார்.

பாக் நீரிணையைத் தாண்டினால்

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். அந்தக் கரையில் 2018 தீர்ப்பு போல ஒன்று வர முடியாது. நீதிபதிகளுக்குத் துணிச்சல் இல்லை என்பதல்ல காரணம், அரசமைப்பு அவர்கள் கையைக் கட்டியிருக்கிறது. 1978 அரசமைப்பின் 16-வது உறுப்புரையை வாசித்தால் நம் 13-வது கூறைத் தலைகீழாகத் திருப்பிவைத்தது போலிருக்கும்: அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் பழைய சட்டங்கள் செல்லும். ஒரே காலனித்துவச் சட்டம், இரண்டு சுதந்திர அரசமைப்புகள். ஒன்று கதவைத் திறந்துவைத்தது; மற்றது பூட்டிச் சாவியை நாடாளுமன்றத்திடம் கொடுத்தது.

அந்தச் சாவியை நாடாளுமன்றம் ஒருமுறை பயன்படுத்தியதுண்டு, 1995-ல். தண்டனைச் சட்டக் கோவையின் 365-ஏ பிரிவு ஆண்களை மட்டும் குறிப்பது சமத்துவத்துக்கு ஒவ்வாது என்று பட்டிருக்க வேண்டும். ‘ஆண்’ என்றிருந்த இடத்தில் ‘ஆள்’ என்று மாற்றினார்கள். விக்டோரியா காலத்து ஆங்கிலேயர்கூடக் குற்றவாளிகளாக்காத பெண்களும் அதற்குள் வந்துவிட்டார்கள். சட்டத் திருத்தம் என்றாலே முன்னேற்றம் என்று நினைப்பவர்கள் இந்த ஓர் எழுத்து மாற்றத்தைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

பூட்டிய கதவை அங்கிருப்பவர்கள் தட்டாமலும் இல்லை. 2016-ல் இலங்கை உச்ச நீதிமன்றம், சட்டத்தை நீக்க முடியாத நிலையிலும், மனமொத்த வயதுவந்தோருக்குச் சிறை பொருத்தமில்லை என்று சொல்லித் தண்டனையை ஒத்திவைத்தது. ரோசன்னா ஃப்ளேமர் கல்டேரா தொடுத்த முறையீட்டில், பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு 2022-ல் இலங்கை மீது குற்றம் கண்டது. 2023-ல் இந்தக் குற்றத்தை நீக்கப் பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த தனிநபர் மசோதாவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்களுக்கு, இது அரசமைப்புக்கு முரணில்லை என்ற பதில் கிடைத்தது. சாதாரணப் பெரும்பான்மை இருந்தால் நிறைவேற்றலாம். 2024 செப்டம்பரில் நாடாளுமன்றம் கலைந்தது, மசோதா நிறைவேறவில்லை.

ஒரு கிலோமீட்டர் பாலத்தின் இரு முனைகள்

சிங்கப்பூரையும் ஜொகூர் பாருவையும் இணைக்கும் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம். காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்பும் கூட்டத்தில் தமிழர்கள் நிறைய. 2023 ஜனவரி 3-க்குப் பிறகு, இந்தக் கூட்டத்தில் ஒருவர் பாலத்தின் ஒரு முனையில் குற்றமற்றவர். மறுமுனையில் 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் பெறத் தக்கவர்.

சிங்கப்பூர் இதைச் செய்த விதம் அந்த ஊருக்கே உரியது. 2007-ல் பழைய 377-ஐ நீக்கினார்கள். 377-ஏ-யை மட்டும் வைத்துக்கொண்டு, அதை அமல்படுத்தப்போவதில்லை என்றார்கள். சட்டம் இருக்கும், ஆனால் கடிக்காது. கடிக்காத நாயை வாசலில் ஏன் கட்ட வேண்டும் என்று கேட்டு 2010-ல் வழக்கறிஞர் எம்.ரவி முதல் வழக்கைக் கொண்டுபோனார். வழக்குகள் தொடர்ந்தன, தோற்றன. 2022 பிப்ரவரியில் தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனன் தலைமையிலான அமர்வு, பிரிவை ரத்துசெய்யாமலேயே அதைச் செயல்படுத்த முடியாது என்று சொல்லிவிட்டது. அடுத்த வழக்கில் பிரிவு விழுந்துவிடும் என்பதைச் சட்ட அமைச்சர் கா.சண்முகத்தின் அமைச்சகம் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். அந்த ஆகஸ்டிலேயே பிரதமர் லீ சியன் லூங் நீக்கத்தை அறிவித்தார்.

நவம்பர் 29 அன்று நாடாளுமன்றம் இரண்டு வேலைகளைச் சேர்த்தே செய்தது. ஒரு கையால் 377-ஏ-யை எடுத்தது. மறு கையால் அரசமைப்பில் புதிய கூறு ஒன்றைச் செருகி, ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானதே திருமணம் என்ற வரையறையை நீதிமன்றம் எட்டாத உயரத்தில் தூக்கிவைத்தது. வருங்கால நாடாளுமன்றம் விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம். வருங்கால நீதிபதி மாற்ற முடியாது. டெல்லியைப் பார்த்துப் பயந்து எழுதிய திருத்தம் இது என்றே எனக்குப் படுகிறது.

பாலத்தின் மறுமுனையில், மலேசியாவில், அன்வர் இப்ராகிம் இருக்கிறார். அந்த நாட்டின் 377-பி பிரிவு இரண்டு முறை அவர் மேல் ஏவப்பட்டது. 2000-ல் பெற்ற தண்டனை 2004-ல் ரத்தானது. இரண்டாவது வழக்கில் 2015-ல் ஐந்து ஆண்டு சிறை உறுதியானது. 2018-ல் மன்னிப்பு பெற்று வெளியே வந்தார். இரண்டுமே அரசியல் வழக்குகள் என்று உலகம் பேசியது. 2022 நவம்பரில் அவர் பிரதமரானார். பிரிவு அப்படியே இருக்கிறது. யாரைக் கவிழ்க்கப் பயன்பட்டதோ அவருக்கே அதைத் தொட முடியவில்லை, அல்லது தொட விருப்பமில்லை.

மலேசியாவில் நடந்த இன்னொரு வழக்கு சட்டக் கல்லூரி மாணவர்கள் சிரித்துக்கொண்டே படிக்கத்தக்கது. சிலாங்கூர் மாநில ஷரியா சட்டத்தில் இதே குற்றத்துக்கு ஒரு பிரிவு இருந்தது. 2021-ல் கூட்டரசு நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. காரணம் மனித உரிமை அல்ல. இதற்குத்தான் ஏற்கெனவே கூட்டரசின் தண்டனைச் சட்டத்தில் பிரிவு இருக்கிறதே, மாநிலத்துக்கு இங்கே என்ன வேலை என்பதுதான். மெக்காலேயின் வாரிசு, தன்னைப் போன்ற இன்னொன்றை வீட்டுக்குள் விடாமல் வாசலில் நின்று தடுத்தது.

யார் இறக்குமதி?

ஆப்பிரிக்காவில் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் தலைவர்கள் எடுக்கும் ஆயுதம், இது வெள்ளைக்காரன் இறக்குமதி என்பது. இறக்குமதியானது பழக்கம் அல்ல, சட்டம்தான் என்ற பதிலும் இப்போது தேய்ந்துவிட்டது. 2018 ஏப்ரலில் லண்டனில் காமன்வெல்த் தலைவர்கள் கூடியபோது பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மேயே இந்தச் சட்டங்களுக்காக வருத்தம் தெரிவித்தார். எனக்கு இந்தப் பதிலில் ஒரு சங்கடம் உண்டு. விதைத்தவன் ஆங்கிலேயன், சரி. ஆனால் பெண்களைச் சேர்த்தது கொழும்பு நாடாளுமன்றம். உகாண்டாவில் பழைய சட்டமே ஆயுள் தண்டனை கொடுக்கும். சில வகை உறவுகளுக்கு மரண தண்டனையை 2023-ல் சேர்த்தது அந்த நாட்டு நாடாளுமன்றம், கையெழுத்திட்டது அதிபர் முசெவேனி. உலக வங்கி புதிய கடன்களை நிறுத்திவைத்தும் சட்டம் அசையவில்லை. 2024-ல் அரசமைப்பு நீதிமன்றம் சில பகுதிகளை மட்டும் நீக்கிவிட்டு மீதியை உறுதிசெய்தது. அறுபது எழுபது ஆண்டு தண்ணீர் ஊற்றியவர்களுக்கும் மரத்தில் பங்குண்டு.

டெல்லித் தீர்ப்பு வந்த கையோடு நைரோபி நீதிமன்றத்தில் அதைப் பற்றி வாதிட இரு தரப்புக்கும் வாய்ப்புக் கொடுத்தார்கள். ஆனாலும் 2019 மே மாதம் கென்ய நீதிபதிகள் பிரிவைக் காப்பாற்றினார்கள். 2010-ல் அந்த நாடு எழுதிக்கொண்ட அரசமைப்பில், எதிர்ப்பாலினத்தவரை மணக்கும் உரிமை என்று ஒரு வரி இருக்கிறது. குற்றத்தை நீக்கினால் அந்த வரிக்குப் பின்வாசல் திறந்துவிடும் என்றார்கள். அடுத்த மாதமே போட்ஸ்வானா உயர் நீதிமன்றம் நேரெதிராகத் தீர்ப்பளித்தது. மொரிஷியஸில், ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து அச்சாகும் அந்தத் தீவில், 1838-ன் சட்டக்கோவையிலிருந்த பிரிவை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. அந்தக் கோவை பிரெஞ்சு முறையில் ஆனது. ஆனால் இந்தக் குற்றம் பிரெஞ்சுச் சரக்கல்ல.

காலனியாகாத நாடுகள் தப்பினவா என்றால் அதுவும் இல்லை. பூடானை யாரும் ஆண்டதில்லை. ஆனாலும் 2004-ல் தண்டனைச் சட்டம் எழுதும்போது, இயற்கையின் ஒழுங்குக்கு மாறான என்ற வாசகத்தைப் பக்கத்து வீட்டிலிருந்து எடுத்து ஒட்டிக்கொண்டார்கள், 2021-ல் நீக்கினார்கள். நேபாளத்தில் 2007-லேயே உச்ச நீதிமன்றம் சம உரிமை என்று சொல்லிவிட்டது. 2023 நவம்பரில் முதல் திருமணம் பதிவானது. தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் திருமணம் எல்லோருக்கும் பொது.

குற்றம் போன பிறகு

குற்றவாளி இல்லை என்று சொல்வதும் குடும்பம் என்று ஏற்பதும் ஒன்றல்ல. 2023 அக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றம், தன்பால் திருமணத்துக்கு அடிப்படை உரிமை இல்லை, அது நாடாளுமன்றத்தின் வேலை என்று கையைக் கழுவிக்கொண்டது. மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 2024-ல் இருவரும் சேர்ந்து வங்கிக் கணக்கு தொடங்கலாம், ஒரே ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்கலாம் என்ற விளக்கங்கள் வந்தன. அந்த ஜூலையில் பாரதிய நியாய சன்ஹிதா பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்தபோது, 377-ல் மிச்சமிருந்ததும் சேர்ந்து போனது. மிச்சமிருந்தது முக்கியமானது: வயதுவந்த ஓர் ஆணை இன்னொருவர் பலாத்காரம் செய்தால் வழக்குப்போட இருந்த ஒரே பிரிவு அதுதான். இப்போது அதற்கு நேரான பிரிவே இல்லை. நூற்றைம்பது ஆண்டு தவறான ஆட்களைப் பிடித்த வலையைச் சரியான ஆட்களுக்காகத் தைத்து வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

நாடாளுமன்றம் மௌனமாக இருக்கும் இடத்தில் சென்னை உயர் நீதிமன்றம் பேசிக்கொண்டிருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தில் ‘மணமகள்’ என்றால் அதில் திருநங்கையும் அடக்கம் என்று 2019-ல் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். மகாபாரதத்தையும் துணைக்கு அழைத்துக்கொண்ட அந்தத் தீர்ப்பில்தான், ஊடுபால் குழந்தைகளுக்குத் தேவையற்ற அறுவை சிகிச்சை செய்வதைத் தடுக்கச் சொன்னார். அதே ஆண்டு தமிழக அரசு ஆணையிட்டது. 2021-ல் மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷிடம் வந்தது. தனக்கே இந்த விஷயத்தில் தெளிவு போதவில்லை என்று ஒப்புக்கொண்டு அவர் ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்தார். ஒரு நீதிபதி தீர்ப்பெழுதும் முன் பாடம் கேட்கப் போனதை இதற்கு முன் நான் கேள்விப்பட்டதில்லை. ‘மாற்றிக்காட்டுகிறேன்’ என்று சொல்லிச் செய்யும் சிகிச்சைகளுக்கு அந்த வழக்கில்தான் தடை வந்தது. தமிழ்ச் செய்தித்தாள்கள் கொச்சையாக எழுதிவந்ததற்கு முடிவுகட்ட, அரசு ஒரு சொற்பட்டியலை 2022-ல் அரசிதழில் வெளியிட்டதும் அதன் தொடர்ச்சிதான். 2025 மே மாதம் அதே உயர் நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள், பெற்றோர் தடுத்துவைத்திருந்த ஒரு பெண்ணை அவருடைய தோழியோடு அனுப்பிவைத்து, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று எழுதினார்கள்.

சட்டம் போன திசையிலேயே போய்க்கொண்டிருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ட்ரினிடாட் டொபாகோவில் 2018 ஏப்ரலில், இந்தியாவுக்கு ஐந்து மாதம் முன்பே, உயர் நீதிமன்றம் இந்தக் குற்றத்தை நீக்கியது. ஏழு ஆண்டு மக்கள் குற்றவாளிகளல்லாமல் வாழ்ந்தார்கள். 2025 மார்ச் 25 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் திருப்பிவிட்டது. இலங்கையின் 16-வது உறுப்புரை போல அங்கேயும் ஒரு கூறு, காலனித்துவக் காலச் சட்டங்களுக்குக் காப்பு கட்டியிருக்கிறது. இனி அதை நீக்க வேண்டியது நாடாளுமன்றமே என்றார்கள் நீதிபதிகள்.

அவர்களுக்கும் மேலே அந்த நாட்டுக்கு இன்னும் ஒரு படி மட்டும் இருக்கிறது. அது லண்டனில் உள்ள பிரிவி கவுன்சில். நாடாளுமன்றச் சதுக்கத்தின் ஓரமாக, எட்டாம் ஹென்றியின் சட்டமும் லாபுஷேரின் திருத்தமும் நிறைவேறிய வெஸ்ட்மின்ஸ்டருக்கு எதிரே, நடந்தால் இரண்டு நிமிடத் தூரத்தில் இருக்கிறது அந்தக் கட்டடம்.